சைக்கிளுக்கு வில்லை கேட்கிறார்கள்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை எங்கள் கிளையின் கவுண்டருக்கு ஒரு மனு வந்தது. கடைவீதி வியாபாரிகள் சிலர் சேர்ந்து நகராட்சிக்கு எழுதியது. சைக்கிள்காரர்கள் ஒருவழிப் பாதையில் எதிரே வருகிறார்கள். ராத்திரியில் விளக்கில்லாமல் வருகிறார்கள். இடித்துவிட்டு நிற்காமல் போய்விடுகிறார்கள். கடைவாசலில் இருந்து சாமான் களவு போகிறது. ஆகையால் நகர எல்லைக்குள் வரும் எல்லா சைக்கிளிலும் எண் தகடு மாட்ட வேண்டும், அதில் உரிமையாளரின் பெயரும் தெருவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். இதுதான் கோரிக்கை. பாஸ்புக் பதியக் காத்திருந்தவர்கள் போட்டார்கள். மேனேஜர் போட்டார். கேஷியர் அம்மா போட்டார். நான் போடவில்லை.

"ஏன் சார், நீங்க பைக்குலதான வர்றீங்க? ஒங்களுக்கு என்ன?" என்றார் கொண்டுவந்தவர். ஸ்டாஃப் லோன் போட்டு வாங்கிய பைக் அது. எண் பலகை இருக்கிறது. மாட்டுங்கள் என்றார்கள், மாட்டியிருக்கிறேன். ஆனால் இதில் போட மாட்டேன் என்றேன். மேனேஜர் அறைக்குள் கூப்பிட்டு, "வாடிக்கையாளர்கிட்ட எதுக்கு வம்பு? ஒரு கையெழுத்துதான" என்றார். ஒரு கையெழுத்துதான். கையெழுத்துக்கு என்ன விலை என்று வங்கியில் உட்கார்ந்திருப்பவனிடம் சொல்கிறார். வரிசையில் பதினெட்டுப் பேர் நின்றார்கள், அங்கே விளக்க முடியவில்லை. இங்கே சொல்கிறேன். ஊரின் பெயரையும் கிளையின் பெயரையும் எழுதவில்லை. எனக்கு இன்னும் இருபத்திச் சொச்சம் வருஷம் சர்வீஸ் இருக்கிறது, தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சைக்கிளுக்கு அடையாளம் கேட்பது புதுசு அல்ல. நம் அப்பன்மார்களைக் கேளுங்கள், வில்லை என்பார்கள். பஞ்சாயத்திலோ முனிசிபாலிட்டியிலோ வருஷத்துக்கு ஒரு தடவை பணம் கட்டி வாங்கி வண்டியில் மாட்ட வேண்டிய தகரத் துண்டு. வில்லை இல்லாமல் மாட்டினால் காற்றைப் பிடுங்கி விடுவார்கள். டபுள்ஸ் போனால் பிடிப்பார்கள், விளக்கில்லாமல் போனால் பிடிப்பார்கள். அதைப் பற்றி இன்றைக்குப் பழைய ஞாபகமாகச் சிரித்துச் சிரித்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்தத் தெருவில் இருந்து சைக்கிளை எடுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

என் அப்பா 1976-ல் ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். சேரியில் அது மூணாவது சைக்கிள். வில்லை வாங்கப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனார். "துட்ட திண்ணைல வைடா" என்றார்களாம். வைத்தார். வில்லையைத் தரையில் போட்டார்களாம், பொறுக்கிக்கொண்டார். பில் கலெக்டர் சேரியில் இருந்து ரோட்டுக்கு ஏறுகிற பாலத்தடியில்தான் நிற்பார். ஊருக்குள்ளே அறுபது எழுபது சைக்கிள் ஓடியது, அங்கே அவர் நின்றதை அப்பா பார்த்ததில்லை. ஊர்ப் பையன்களின் வண்டியில் வில்லை இருந்ததா என்றால், "அவிங்களுக்கு எதுக்குய்யா வில்ல? மொகத்தப் பாத்தாத் தெரியாதா?" என்கிறார்.

கதை இதோடு முடிந்தால் இதை நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். வில்லை மாட்டிய அந்த சைக்கிளை ஊர்த்தெரு முனையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தெரு முழுக்கத் தள்ள வேண்டும். அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறிக்கொள்ளலாம். மழை பெய்தாலும் சரி, பின்னாடி கேரியரில் பிரசவ வலியோடு பொம்பளை உட்கார்ந்திருந்தாலும் சரி. சாலையில் ஓட்டுவதற்கு என்று சர்க்கார் வரி வாங்கியது. அதே சாலையில் ஓட்டாதே என்று ஊர் சொன்னது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சண்டையும் வரவில்லை பாருங்கள்! வாங்கிய வரிக்கு ஓட்ட விடு என்று எந்த பில் கலெக்டரும் ஊர்த்தெருவில் போய் நிற்கவில்லை. அந்தத் தகரம் அவனுடைய உரிமைக்குச் சீட்டாக ஒரு நாளும் வேலை செய்யவில்லை. இவனை நிறுத்தலாம் என்பதற்கு மட்டும் வேலை செய்தது.

இது பழங்கதை, இப்போது எவன் இறங்கச் சொல்கிறான் என்று கேட்கும் படித்த நண்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தைப் பாருங்கள். பதிவு, எண் பலகை எல்லாம் எந்திர சக்தியால் ஓடுகிற வண்டிக்குத்தான். காலால் மிதிக்கிற சைக்கிள் அந்த வரையறைக்குள்ளேயே வராது. ஆனால் இன்னொரு மத்திய சட்டத்தில் சைக்கிள் என்ற சொல் பெயர் சொல்லியே இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-ல் கொண்டுவந்த திருத்தத்தில். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுத்தால் குற்றம். 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிறது. நாடு விடுதலையாகி அறுபத்தெட்டு வருஷம் கழித்து சைக்கிளுக்குப் பாதுகாப்பு கொடுத்துச் சட்டம் எழுத வேண்டியிருந்தது என்றால் இறங்கச் சொல்கிறவன் எங்கேயும் போய்விடவில்லை என்றுதானே அர்த்தம்? 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பம் சொன்னது, மூன்று பேர் கைதானார்கள். அந்த வண்டிக்கு எண் இருந்தது.

மனுவில் கேட்டிருப்பது "பெயரும் தெருவும்". இந்த இரண்டு சொல்லை வாசித்ததும்தான் எனக்குப் பேனா ஓடவில்லை. வங்கியில் நான் தினமும் நிரப்புகிற படிவத்தில் முகவரி என்று ஒரு கட்டம் இருக்கிறது. கட்டத்தை வாசித்த கணத்தில் எதிரே நிற்பவர் யார் என்று எனக்குத் தெரிந்துவிடும். எனக்கு மட்டுமில்லை, பக்கத்து சீட்டுக்காரருக்கும் தெரியும். 'கிழக்குத் தெரு' என்றால் ஒரு குரல், 'காலனி' என்றால் ஒரு குரல். கடன் மனுவில் அந்தக் குரல் வேறுபாடு என்ன வேலை செய்யும் என்று நான் பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதைத் தனியாக எழுத வேண்டும். 2025 ஏப்ரலில் தமிழக முதல்வரே சட்டமன்றத்தில் எழுந்து, 'காலனி' என்ற சொல் இழிவின் குறியீடாக ஆகிவிட்டது, அரசு ஆவணங்களில் இருந்து அதை நீக்குவோம் என்று அறிவித்தார். முகவரி என்பது சாதி என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டாயிற்று. அந்த முகவரியைத் தகட்டில் எழுதி, மட்கார்டில் மாட்டி, டீக்கடை முன்னால் நிறுத்தச் சொல்கிறார்கள்.

வண்டியில் பெயர் எழுதினால் என்ன நடக்கும் என்பதை இந்தத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்துவிட்டது. 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் வந்தது. கட்டபொம்மன் படையில் வெள்ளைக்காரனை எதிர்த்துச் செத்தவர். பஸ்ஸின் மேல் ஒரு தலித்தின் பெயர், அவ்வளவுதான். அந்த பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம் நடந்தது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களில் இருந்தும் மாவட்டங்களில் இருந்தும் தலைவர்களின் பெயரை எடுத்தார்கள். அதுவரைக்கும் எத்தனை சாதித் தலைவர்களின் பெயர் போட்ட பஸ்ஸில் நம் ஆட்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார்கள்! ஒரு நாள் ஏறமாட்டேன் என்று சொன்னதுண்டா?

அக்காவின் சைக்கிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2001-02-ல் பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் எஸ்.சி., எஸ்.டி. மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. நல்ல திட்டம். அது இல்லாவிட்டால் என் அக்கா பிளஸ் டூ முடித்திருக்க மாட்டாள், ஆறு கிலோமீட்டர் நடந்து யார் போவது? ஆனால் எல்லா சைக்கிளும் ஒரே மாதிரி, ஒரே நிறம். தூரத்தில் வரும்போதே தெரிந்துவிடும். யாரும் எண் தகடு மாட்டவில்லை, பெயர் எழுதவில்லை, சைக்கிளே தகடாக இருந்தது. 'அரசாங்க சைக்கிள் வருதுடா' என்று பையன்கள் கத்துவார்களாம். அக்கா ஒரு வாரம் அதற்கு வேறு பெயிண்ட் அடித்துக் கொடு என்று அப்பாவிடம் அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிறகு சில வருஷத்தில் அந்தத் திட்டத்தை எல்லா மாணவர்களுக்கும் விரித்தார்கள். நான் பிளஸ் ஒன் போனபோது ஊர்ப்பையனுக்கும் அதே சைக்கிள், எனக்கும் அதே சைக்கிள். பள்ளிக்கூட நிறுத்தத்தில் முன்னூறு சைக்கிள் ஒன்றுபோல நிற்கும், எது எவனுடையது என்று தெரியாமல் சாவியைப் போட்டுப் போட்டுப் பார்ப்போம். என் வாழ்க்கையில் அந்த இரண்டு வருஷம் மாதிரி ஒரு சந்தோஷமான குழப்பத்தை நான் பார்த்ததில்லை.

அந்தக் குழப்பம் பொறுக்குமா? ஹேண்டில்பாரில் கலர் கலராக டேப் சுற்ற ஆரம்பித்தார்கள். கையில் கயிறு, நெற்றியில் பொட்டு, சைக்கிளில் நிறம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவரையும் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறையும் மோதிரத்தையும் தடை செய்யச் சொன்னதோடு, சாதியைக் காட்டுகிற வண்ணம் பூசிய சைக்கிளில் பள்ளிக்கு வரக்கூடாது என்றும் பரிந்துரைத்தது. சைக்கிளில் இருக்கிற அடையாளத்தை அழிக்கச் சொல்லி ஒரு முன்னாள் நீதிபதி எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த மை காய்வதற்குள் அடையாளத்தைத் தகட்டில் பொறிக்கச் சொல்லி மனு வருகிறது. பேஷ்வா காலத்தில் மராத்திய நாட்டில் தீண்டப்படாதவர்கள் கையிலோ கழுத்திலோ கறுப்புக் கயிறு கட்ட வேண்டும் என்றிருந்ததை அம்பேத்கர் 1936-ல் 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் எடுத்துக் காட்டினார். தவறித் தொட்டுவிடக்கூடாதாம், தெரிந்துகொள்ள ஒரு குறி வேண்டுமாம். குறி கேட்கிறவனுக்கு எப்போதும் ஒரு பொதுநலக் காரணம் இருக்கும்.

நம் பக்கத்திலேயே ஒரு தோழர் என்னோடு சண்டை போட்டார். சட்டக் கல்லூரி மாணவர், கூர்மையான ஆள். "பேரும் தெருவும் வேணாம்ணே, நம்பர் மட்டும் போடட்டும். நம்பருக்கு ஏது சாதி? மொகத்தப் பாத்து நிறுத்துறவன் இனிமே நம்பரப் பாத்துத்தான நிறுத்தணும்? நம்ம பையனை அடிச்சிட்டு ஓடுறவனையும் பிடிக்கலாம்ல" என்றார். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. பெயர்கள் எல்லாம் சாதி சொல்கிற நாட்டில் வெறும் எண் ஒரு விடுதலை மாதிரித்தான் தெரியும். எனக்கும் ஒரு ராத்திரி முழுக்க அப்படித்தான் தெரிந்தது.

ஆனால் எண் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். 2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் இடித்துவிட்டு நிற்காமல் ஓடிய வண்டிகளால் செத்தவர்கள் மட்டும் 30,486 பேர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இது. ஓடியவை சைக்கிள்களா? எண் பலகை மாட்டிய லாரியும் காரும் பைக்கும்தான். பலகை இருந்தது, ஓடினார்கள். எண்ணைப் பார்த்தவன் ஸ்டேஷனுக்குப் போனால் எழுதிக்கொள்ள அங்கே ஆள் வேண்டும். "நீ எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று புகார் கொடுக்க வந்தவனிடமே முதல் கேள்வி வருகிற இடத்தில் எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய? இன்னொன்று, தோழர் சொல்கிற வெறும் எண் வெறும் எண்ணாக நிற்காது. எண்ணுக்குப் பின்னால் ஒரு பதிவேடு, பதிவேட்டில் முகவரிக் கட்டம். எண் இல்லாத சைக்கிளை நிறுத்தலாம் என்ற அதிகாரம் ரோட்டில் நிற்பவனுக்கு. யாரை நிறுத்துவது என்று அவன் எதை வைத்து முடிவு செய்வான்? கண்ணில் படுகிற சட்டையை வைத்து, தோலை வைத்து, வருகிற திசையை வைத்து. பாலத்தடி பில் கலெக்டர் செய்ததுதான்.

இது என் கற்பனை இல்லை. கறுப்பர்களின் பிளாக் பேந்தர்களைப் பார்த்துத்தான் 1972-ல் மகாராஷ்டிரத்தில் நம்மவர்கள் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கறுப்பர்களுக்கு சைக்கிளால் வந்ததைக் கேளுங்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்து டாம்பா நகரப் போலீஸ் மூன்று வருஷத்தில் சைக்கிள்காரர்களுக்கு 2,504 அபராதச் சீட்டுக் கிழித்தது. உள்ளூர்ப் பத்திரிகை 2015-ல் அதைத் தோண்டி எடுத்து வெளியிட்டது. சீட்டு வாங்கியவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கறுப்பர்கள். நகரத்தில் அவர்கள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். குற்றம் என்ன? விளக்கில்லை, ஹேண்டில்பாரில் சிநேகிதனை ஏற்றினான். நம்ம டபுள்ஸ்! சைக்கிள் உன்னுடையதுதானா, ரசீதைக் காட்டு என்று கேட்டு, காட்டாதவனிடம் வண்டியைப் பிடுங்கியும் இருக்கிறார்கள். அடுத்த வருஷம் அந்நாட்டு நீதித்துறையே ஆய்வு செய்து, இந்த வேட்டையால் சைக்கிள் பாதுகாப்பும் கூடவில்லை, திருட்டும் குறையவில்லை, பாரம் முழுக்கக் கறுப்பர் தலையில் விழுந்தது என்றது. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் ஷெரிஃப் ஆட்கள் 2017-ல் இருந்து நிறுத்திய 44,000-க்கும் மேற்பட்ட சைக்கிள் நிறுத்தங்களை 2021-ல் ஒரு பத்திரிகை எண்ணிப் பார்த்தது. பத்துக்கு ஏழு லத்தீனோக்கள். நிறுத்தியதில் 85 சதம் பேரைச் சோதனை போட்டிருக்கிறார்கள், ஆயுதம் கிடைத்தது அரைச் சதத்துக்கும் கீழே. சைக்கிள் என்பது ஒரு சாக்கு. ஒரு தகடு கூடினால் சாக்கு ஒன்று கூடும்.

வரி கட்டாதவனுக்கு ரோடு எதற்கு என்று கேஷியர் அம்மா கேட்டார். சைக்கிள் வாங்கும்போது கட்டுகிற ஜி.எஸ்.டி. எங்கே போகிறது? சோப்புக்கும் டீத்தூளுக்கும் கட்டுவது? ரோடு போட்டவன் எவன், தார் காய்ச்சியவன் எவன் என்ற கேள்விக்கு நான் போகவில்லை. போனால் இந்த இதழ் பத்தாது.

களவு விஷயம் மட்டும் உண்மை. சைக்கிள் திருட்டு நடக்கிறது, பறிகொடுக்கிறவனும் ஏழைதான். அதற்குத் தகடு வேண்டாம். சீட்டுக்கடியிலோ பெடல் அச்சுக்கு அடியிலோ கம்பெனிக்காரனே எண் குத்தித்தான் அனுப்புகிறான். வாங்கியவன் அதைக் குறித்து வைக்கட்டும், காணாமல் போனால் போலீஸ் அந்த எண்ணைப் போட்டுப் புகார் எழுதட்டும். ஜப்பானில் 1994-ல் இருந்து சைக்கிளுக்குப் பதிவு கட்டாயம், மாட்டாதவனுக்கு அபராதம் கிடையாது, திருட்டுப் போனால் கண்டுபிடிக்கத்தான் அந்தப் பதிவு. அதையும்கூட அங்கே வேற்று நாட்டுக்காரனை நிறுத்தி விசாரிக்கப் பயன்படுத்துகிறார்கள் என்ற முறையீடு உண்டு. நம் ஊரில் சைக்கிள் காணோம் என்று ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள், சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களுக்குத்தான் இப்போது புது அதிகாரம் கொடுக்கச் சொல்கிறது மனு.

எங்கள் ஊரில் விடியற்காலை நாலரை மணிக்கு ரோட்டில் யார் சைக்கிளில் போகிறார்கள் என்று நின்று பாருங்கள். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்கள். பால்காரர். ஓட்டலுக்கு மாவாட்டப் போகிறவர். ஏ.டி.எம். காவலாளி. கட்டட வேலைக்கு வந்த ஒடிசாப் பையன்கள், ஒரு சைக்கிளை மூணு பேர் பங்கு போட்டு ஓட்டுகிறார்கள், தகட்டில் யார் பெயரை எழுதுவது? கடைவீதி விடிவதற்குள் சுத்தமாகிவிட வேண்டும், ஆனால் சுத்தம் செய்ய வருகிறவன் நம்பரோடு வர வேண்டும் என்பதுதான் அவர்களுடைய ஒழுங்கு. மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவரின் கார் தினமும் ஒருவழிப் பாதையில் எதிரேதான் வந்து கடைவாசலில் நிற்கிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

அப்பாவிடம் இந்த மனுவைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இப்பயாவது கையில குடுப்பானா, கீழதான் போடுவானா?" என்று கேட்டார்.

எதிர்மனு ஒன்று எழுதியிருக்கிறோம். துப்புரவுப் பணியாளர் குடியிருப்பில் மட்டும் நாற்பத்தொரு கையெழுத்து, அதில் ஏழு கைநாட்டு. காவலாளி போட்டிருக்கிறார். சட்டக் கல்லூரித் தோழரும், சண்டை முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே, போட்டிருக்கிறார். எங்கள் நகர்மன்றக் கூட்டம் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு. எல்லோரும் சைக்கிளில் வருவது, கடைவீதி வழியாக, இறங்காமல் வருவது என்று முடிவு. நான் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பைக்கை வீட்டில் விட்டுவிட்டு அக்காவின் பழைய சைக்கிளைத்தான் எடுக்கப் போகிறேன், பின் டயருக்கு டியூப் மாற்ற வேண்டும்.